மழைக் கணிப்பை எந்த அளவீட்டால் மதிப்பிடப் போகிறீர்கள்? வானிலை மாதிரிகளை ஒப்பிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு எந்த வானிலை மாதிரியை, அதாவது வளிமண்டலத்தைக் கணக்கிட்டு வானிலையைக் கணிக்கும் எந்தக் கணினி நிரலை, முதன்மையாக நம்புவது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று ஒப்பிட்டு முடிவு செய்யும் அறிவியலாளர்களுக்கும், அந்த முடிவை வைத்துக்கொண்டு ஏரி மதகு, மோட்டார் பம்பு, பள்ளி விடுமுறை, மீனவர் எச்சரிக்கை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் துறை அலுவலர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். புள்ளியியல் கற்பிப்பது என் தொழில். மாதிரிகளை உருவாக்கும் இயற்பியலைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த மாதிரிகளுக்கு மதிப்பெண் போடும் முறை புள்ளியியலின் எல்லைக்குள் வருவது. அதில் நீங்கள் செய்யும் தேர்வு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் நாளில் நேரடியாகத் தெரிகிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்த மாதிரி சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், யார் எடுக்கப்போகும் எந்த முடிவுக்குச் சிறந்தது என்று கேளுங்கள், அதற்கேற்ற அளவீடுகளைத் தேர்ந்தெடுத்து, பருவமழை தொடங்கும் முன்பே வெளியிட்டுவிடுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணமான இரண்டு நாள்களைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் பிடித்த மழை, இரவுக்குள் நகரின் சில இடங்களில் 20 செ.மீ.யைத் தாண்டியது. ரெட் அலர்ட் வந்தபோது சாலைகளில் ஏற்கெனவே தண்ணீர் நின்றிருந்தது. அலுவலகம் முடிந்து கிளம்பியவர்கள் பல மணி நேரம் வழியிலேயே சிக்கிக்கொண்டார்கள். முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விஷயம் போனது. 2024 அக்டோபர் 16 இதற்கு நேர் எதிரானது. சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட், பள்ளிகளுக்கு விடுமுறை, ஐ.டி. நிறுவனங்களில் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் பகுதி மக்கள் முன்கூட்டியே வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரத்திலும் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். 15ஆம் தேதி நல்ல மழை பெய்தது. எச்சரிக்கப்பட்ட 16ஆம் தேதியிலோ அந்த அளவு மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது.

முதல் நாளுக்குப் பிறகு ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்ட அதே நகரம், இரண்டாவது நாளுக்குப் பிறகு ‘ஏன் சொன்னீர்கள்’ என்று கேட்டது. எந்த அலுவலகத்தையும் குறை சொல்வதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. தவறவிட்ட மழையும் பொய்த்துப்போன எச்சரிக்கையும் இரண்டு வெவ்வேறு பிழைகள். ஒன்றைக் குறைக்க முயன்றால் பெரும்பாலும் மற்றொன்று கூடும். எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் அளவீடு தனக்குள்ளேயே தீர்மானித்துவிடுகிறது, அந்த எடையை நீங்கள் வெளிப்படையாகப் பேசினாலும் பேசாவிட்டாலும். பேசிவிடுவது நல்லது என்பதே என் நிலைப்பாடு.

முதலில், ‘நூற்றுக்கு இத்தனை முறை சரி’ என்ற அளவீட்டைக் கனமழைக்குப் பயன்படுத்தாதீர்கள். இதன் கதை 1884ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, சூறாவளிச் சுழல்களுக்கான (டொர்னாடோ) 2,803 கணிப்புகளைச் சரிபார்த்து, 96.6 விழுக்காடு சரியாக இருந்ததாக அறிவித்தார். அதே ஆண்டில் கில்பர்ட் என்ற நிலவியலாளர், ‘சுழல் வராது’ என்று எல்லா முறையும் சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று எடுத்துக்காட்டினார். உண்மையில் ஃபின்லி 51 சுழல்களில் 28ஐச் சரியாகச் சொல்லியிருந்தார், 23ஐத் தவறவிட்டார், வராத 72 சுழல்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார். இந்த மூன்று எண்களைப் பார்க்கும் ஒருவருக்கு அவருடைய கணிப்பின் பலமும் பலவீனமும் புரிந்துவிடும்; 96.6 என்ற ஒற்றை எண் இரண்டையும் மறைத்துவிட்டது. நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல், அதாவது அதி கனமழை பெய்த நாள்களைப் பத்தாண்டுகளுக்கு எடுத்தாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘அதி கனமழை இல்லை’ என்று தினமும் சொல்லும் மாதிரி இங்கே 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட மாதிரியால் ஒரு படகைக்கூட முன்கூட்டியே தயார் செய்ய முடியாது.

இதை நீங்கள் அறிவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதே குறை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அறிக்கைகளில் முதல் பக்கத்தில் வருகிற சராசரிப் பிழை அளவீடுகளே அவை. பிழைகளை இருபடியாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காணும் ஆர்.எம்.எஸ்.இ.யை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 20 செ.மீ. பெய்கிறது, 70, 80 கி.மீ. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதிரி ‘20 செ.மீ. பெய்யும்’ என்று அளவைச் சரியாகச் சொல்லி, இடத்தை மட்டும் ஸ்ரீஹரிகோட்டா என்று மாற்றிச் சொல்கிறது. இரண்டு இடங்களிலும் 20 செ.மீ. பிழை என்பதால் இருபடிகளின் கூட்டுத்தொகை 800. இரண்டாவது மாதிரி எங்குமே மழை இல்லை என்கிறது, கூட்டுத்தொகை 400. மூன்றாவது மாதிரி இரண்டு இடத்திலும் 10 செ.மீ. என்று கலைத்துப் பரப்பிச் சொல்கிறது, கூட்டுத்தொகை 200. வங்கக் கடலில் ஒரு தீவிரமான மழைத்தொகுதி உருவாகி இந்தக் கரையை நோக்கி வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி கடைசி இடத்துக்குப் போகிறது. எதையும் காணாத மாதிரிக்கு அதைவிட மேலான இடம் கிடைக்கிறது. அதி கனமழை என்ற ஒன்றையே என்றும் சொல்லாத மழுப்பலான மாதிரி முதல் பரிசு வாங்குகிறது.

இருபடி எடுக்காத சராசரித் தனிப்பிழையும் மழைக்கு உதவாது. ஓர் இடத்தில் நாளைக்கு மழை பெய்ய 40 விழுக்காடு வாய்ப்பு, பெய்யாமலிருக்க 60 விழுக்காடு வாய்ப்பு என்றால், அந்த அளவீட்டில் பிழையைக் குறைந்தபட்சமாக்கும் விடை 0 மி.மீ. பெய்தால் அது 2 செ.மீ.யா 20 செ.மீ.யா என்பது அந்த விடையைச் சற்றும் மாற்றாது, ஏனெனில் இந்த அளவீடு கேட்பது இடைநிலை மதிப்பை, ஆர்.எம்.எஸ்.இ. கேட்பது சராசரியை. வெள்ளத்துக்கு அஞ்சும் நகரத்துக்கு இவை இரண்டுமே வேண்டியவை அல்ல. எங்களுக்கு வேண்டியது, எவ்வளவு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவுப் பரவலின் மேல் முனை, அதாவது அரிதான பெருமழையின் பக்கம். நாம் எந்த எண்ணைக் கேட்கிறோம் என்று மாதிரியிடம் தெளிவாகச் சொல்லாமல், வேறொரு எண்ணுக்குரிய அளவீட்டால் அதற்கு மதிப்பெண் போடுவது முறையாகாது.

இந்தக் கவலை கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையமே 2025 பிப்ரவரியில் அப்படிப்பட்ட மாதிரி ஒன்றை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அவற்றை நான் ஆர்வத்தோடு வரவேற்கிறேன்; புயலின் பாதையைக் கணிப்பதில் அவை காட்டியிருக்கும் திறன் உண்மையானது. ஆனால் முதலில் வந்த பல மாதிரிகள் இருபடிப் பிழையைக் குறைக்குமாறே பயிற்றுவிக்கப்பட்டவை. அதனால் நாள் தள்ளத் தள்ள அவற்றின் வரைபடங்கள் வழுவழுப்பாகி, உச்சங்கள் மழுங்குகின்றன. பயிற்சியில் பயன்பட்ட அதே அளவீட்டை வைத்து அவற்றையும் பழைய இயற்பியல் மாதிரிகளையும் ஒப்பிட்டு முடிவு எழுதினால், சென்னைக்குத் தேவையான கேள்வி கேட்கப்படாமலே போட்டி முடிந்துவிடும். அண்மையில் வரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் சில, ஒரே விடைக்குப் பதிலாக நிகழ்தகவுப் பரவலையே தரக் கற்றுக்கொண்டிருக்கின்றன என்பது நல்ல செய்தி. அவற்றை மதிப்பிடவும் பரவலுக்கு உரிய அளவீடுகள் வேண்டும்.

உலக அளவில் பேசப்படும் மற்றொரு மதிப்பெண்ணையும் குறிப்பிட்டாக வேண்டும். வளிமண்டலத்தில் காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாகக் குறையும் மட்டத்தின் உயரத்தை வைத்து, கணித்ததும் நிகழ்ந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடும் ஒட்டுறவுக் கெழு, மாதிரிகளின் தரவரிசையில் நெடுங்காலமாக முதலிடம் வகிக்கிறது. அதில் வட அரைக்கோளம் என்று குறிக்கப்படும் பகுதி, உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி 20 டிகிரி வட அட்சத்திலிருந்து தொடங்குகிறது. சென்னை இருப்பது 13 டிகிரியில். தமிழ்நாடு முழுவதும் அந்த மதிப்பெண்ணுக்கு வெளியே இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அந்த மட்டத்தின் உயரம் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதும் இல்லை. எங்கள் மழையைத் தீர்மானிப்பவை கீழ்மட்டக் காற்றின் திசை, ஈரம், வங்கக் கடலின் தாழ்வு நிலைகள். ஆகவே ஒரு மாதிரி ‘உலகில் முதலிடம்’ என்ற வாக்கியம் உங்கள் அறிக்கையில் வருமானால், அந்த முதலிடம் எந்த அட்சங்களுக்கு இடையே பெற்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டுகிறேன்.

அப்படியானால் மழையை எப்படி மதிப்பிடுவது? இடம் சற்றுத் தள்ளிப்போனதற்காக நல்ல கணிப்பைத் தண்டிக்காத முறைகள் இருக்கின்றன. ராபர்ட்ஸ், லீன் ஆகிய இருவர் 2008இல் வெளியிட்ட, எஃப்.எஸ்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அளவீடு அவற்றில் ஒன்று. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாமல், ஒரு குறிப்பிட்ட சுற்றளவுக்குள் எத்தனை பங்கு பரப்பில் மழை வரம்பைத் தாண்டியது, எத்தனை பங்கு பரப்பில் தாண்டும் என்று மாதிரி சொன்னது என்று ஒப்பிடுகிறது. சுற்றளவை 10 கி.மீ., 25 கி.மீ., 50 கி.மீ. என்று விரித்துக்கொண்டே போனால், எந்த அளவில் மாதிரி நம்பத்தக்கதாகிறது என்பது தெரியவரும். சென்னைக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. மாநகராட்சி 426 சதுர கி.மீ. பரப்பில் பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு மாதிரி 50 கி.மீ. அளவில்தான் நம்பத்தக்கது என்றால், அதை வைத்து மணலி மண்டலத்துக்கு ஓர் எச்சரிக்கையும் பெருங்குடி மண்டலத்துக்கு வேறோர் எச்சரிக்கையும் கொடுப்பது நேர்மையாகாது; மாவட்ட அளவில் பேசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டம் 12 கி.மீ., 6 கி.மீ. என்று நுணுகுவதைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. கட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்பதும், கணிப்பு எந்த நுணுக்கத்தில் நம்பத்தக்கது என்பதும் வேறு வேறு. இரண்டாவது எண்ணையும் மக்களுக்குச் சொல்லுங்கள்.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் அளவீட்டின் ஒரு பகுதியே. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. ஒரே நகரம், ஒரே நாள். அன்று ‘சென்னைக்கு 30 செ.மீ.’ என்று ஒரு மாதிரி சொல்லியிருந்தால், நுங்கம்பாக்கத்து மழைமானியை வைத்துப் பார்ப்பவருக்கு அது அற்புதமான கணிப்பு. தாம்பரத்து மழைமானியை வைத்துப் பார்ப்பவருக்கு 19 செ.மீ. குறைவு. நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் நீண்ட பதிவு கொண்டவை என்பதால் அவற்றை விட முடியாது; ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. தானியங்கி மழைமானிகள், துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் உள்ள ரேடார்கள் ஆகியவற்றின் தரவைத் தரம் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, எந்தத் தரவோடு ஒப்பிட்டோம் என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதிரியை அதன் சொந்தப் பகுப்பாய்வோடு, அதாவது வளிமண்டலம் இப்படி இருந்தது என்று அதுவே கணக்கிட்டுத் தரும் படத்தோடு, ஒப்பிட்டுத் தேர்ச்சி கொடுப்பதை மட்டும் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை என்ற கணக்கு பழைய பதிவுகளோடு ஒப்பிட இன்றியமையாதது. ஆனால் அதிகாலை 3 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வரை பெய்த மழையை அது இரண்டு நாள்களாகப் பிளந்துவிடும். இரண்டு நாளுமே வரம்புக்குக் கீழே நின்று, பதிவேட்டில் மிக கனமழையே இல்லாமல் போகக்கூடும். மழைநீர் வடிகாலுக்கு நாள்கணக்கு தெரியாது. 3 மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது என்பதுதான் தெரியும். ஆகவே 3 மணி, 6 மணி நேர மழைக்கும் வரம்பு வைத்து மதிப்பிடுங்கள். மற்றொன்று, கணிப்பு கைக்கு வந்துசேரும் நேரம். பள்ளிக்கு விடுமுறையா இல்லையா என்பதை மாவட்ட ஆட்சியர் முன்னிரவிலோ விடியற்காலையிலோ அறிவித்தாக வேண்டும். பிள்ளைகள் சீருடை போட்டு வேன் ஏறிய பிறகு வரும் அறிவிப்பால் பெற்றோருக்கு அலைச்சல்தான் மிச்சம். உலக நேரப்படி 00 மணித் தரவோடு ஓடும் மாதிரிக்கு நம் நேரப்படி 5.30 மணிக்குத்தான் தொடக்கம். அது ஓடி முடித்து விடை தருவதற்குள் முடிவெடுக்கும் நேரம் கடந்துவிடும். எனவே அந்த முடிவுக்காக ஒரு மாதிரியை மதிப்பிடும்போது, முந்தைய நாள் மாலை 5.30 மணித் தரவில் ஓடிய கணிப்புக்கே மதிப்பெண் போட வேண்டும். ‘ஒரு நாள் முன்கணிப்பு’ என்ற பொதுவான தலைப்பின் கீழ், முடிவெடுப்பவர் கையில் இல்லாத கணிப்பை மதிப்பிட்டுப் பயனில்லை.

புயல்களுக்கும் இதே பார்வை வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே 5ஆம் தேதி பிற்பகலில் கரையைக் கடந்தது. அந்த இடம் சென்னையிலிருந்து 300 கி.மீ.க்கு அப்பால். சென்னை மூழ்கியதோ 3ஆம் தேதி இரவும் 4ஆம் தேதியும், புயல் நமக்குக் கிழக்கே கடலில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தபோது. கரையைக் கடக்கும் இடத்தில் எத்தனை கி.மீ. பிழை, நேரத்தில் எத்தனை மணி பிழை என்பவை புயல் கணிப்பின் வழக்கமான அளவீடுகள். பாபட்லாவுக்கு அவை உயிர் காக்கும் எண்கள். சென்னைக்கு அந்தப் புயலில் அவை எதையும் சொல்வதில்லை. புயல் எவ்வளவு மெதுவாக நகரும் என்று மாதிரி சொன்னது, அந்த நேரமெல்லாம் மழைப்பட்டை எந்தப் பக்கம் இருக்கும் என்று சொன்னது என்பவைதான் இங்கே கேள்வி. பாதையின் குறுக்கே விலகிய பிழையையும் பாதையின் போக்கில் முந்திய அல்லது பிந்திய பிழையையும் தனித்தனியே கொடுங்கள். இரண்டையும் ஒரே தூரமாகக் கலந்து கொடுத்தால், வேகத்தில் நேர்ந்த தவறு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இனி, இந்த மடலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அன்று அடையாற்றில் ஓடியது அந்த ஏரியின் தண்ணீர் மட்டும் அல்ல, வழியில் நிரம்பி வழிந்த ஏரிகளின் நீரும் சேர்ந்தது. என்றாலும், முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்ற கேள்வி அன்றிலிருந்து இந்த நகரத்தை விட்டு அகலவில்லை. ஆனால் 2019ஐயும் நினைத்துப் பாருங்கள். அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தெருமுனையில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. முன்கூட்டியே மதகைத் திறக்கச் சொல்லும் கணிப்பு பொய்த்தால், இழப்பது அடுத்த கோடையின் குடிநீர். திறக்க வேண்டாம் என்று சொல்லும் கணிப்பு பொய்த்தால், இழப்பது அடையாற்றங்கரையின் உயிர்களும் உடைமைகளும். மதகின் பொறுப்பில் இருக்கும் பொறியாளருக்கு ‘நாளை மிக கனமழை’ என்ற ஒற்றை வரி போதாது. அடுத்த இரண்டு மூன்று நாள்களில் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் சேர்ந்து இன்ன அளவைத் தாண்ட எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதே அவருக்கு வேண்டும்.

மாநகராட்சியின் பம்புகளுக்குக் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு, ஒரு சுரங்கப்பாதையில் பம்பையும் ஆளையும் முன்கூட்டியே நிறுத்தி வைக்க 1 ரூபாய் செலவு, நிறுத்தாமல் மழை பெய்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு 20 ரூபாய் என்று கொள்வோம். அப்படியானால் 5 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே பம்பை அனுப்பிவிடுவது லாபம். பத்தில் ஒன்பது முறை மழை வராவிட்டாலும் அந்த முடிவு சரியானதே; அதைப் பொய் எச்சரிக்கை என்று எழுதி மாதிரியின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. நகரம் முழுவதற்கும் விடுமுறை விடும் முடிவுக்கு இந்த எல்லை இன்னும் மேலே இருக்கும், ஏனெனில் அன்றாடக் கூலியும் நடைபாதை வியாபாரமும் ஒரு நாள் நின்றுபோகும். காசிமேட்டு விசைப்படகுக்குக் காற்றும் அலையும்தான் கணக்கு, மழை இரண்டாம்பட்சம். ஒவ்வொருவருக்கும் செலவும் இழப்பும் வேறு என்பதால், ஒரே எல்லையை வைத்து ‘சரி, தவறு’ என்று பிரித்துவிட்டு அதன் மேல் அளவீடு கட்டுவது எல்லோருக்கும் அநீதி செய்யும். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி மாதிரியைப் பல முறை ஓட்டிப் பெறும், என்செம்பிள் எனப்படும் தொகுப்புக் கணிப்புகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. அவை தரும் நிகழ்தகவை நிகழ்தகவாகவே மதிப்பிடுங்கள். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருபடியாக்கிப் பார்க்கும், 1950இல் பிரையர் என்ற வானிலையாளர் முன்வைத்த மதிப்பெண்ணும், முழுப் பரவலையும் மதிப்பிடும் சி.ஆர்.பி.எஸ்.ஸும் இதற்காகவே உள்ளவை. மனத்தில் உள்ள உண்மையான வாய்ப்பைச் சொல்பவருக்கே இவற்றில் நல்ல மதிப்பெண் கிடைக்கும், கூட்டியோ குறைத்தோ சொல்பவருக்குக் கிடைக்காது. ‘30 விழுக்காடு’ என்று சொன்ன நாள்களில் உண்மையாகவே பத்துக்கு மூன்று முறை மழை வந்ததா என்று காட்டும் நம்பகத்தன்மை வரைபடத்தை வெளியிட்டால், புள்ளியியல் படிக்காதவருக்கும் அது புரியும்.

வெள்ளத்தை அனுபவித்த பகுதிகளைச் சேர்ந்த என் போன்றோர் உங்களிடம் வழக்கமாக வைக்கும் ஒரு கோரிக்கையை நீங்கள் ஏற்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ‘பேரழிவு நாள்களை மட்டும் எடுத்து, அன்று எந்த மாதிரி சரியாகச் சொன்னது என்று பாருங்கள்’ என்பதே அது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் பெருமழை பெய்த நாள்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், எப்போதும் மிகைப்படுத்திச் சொல்லும் மாதிரியே வெல்லும். அது வீணாக அச்சுறுத்திய மற்ற நாள்கள் கணக்கிலேயே வராது. சமூக ஊடகங்களில் ‘நான் அன்றே சொன்னேன்’ என்று வரும் பதிவுகளின் கவர்ச்சியும் இதில்தான் இருக்கிறது. எல்லா நாள்களையும் சேர்த்துக்கொண்டு, உயர்ந்த வரம்புகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் சி.ஆர்.பி.எஸ். வடிவங்கள் உள்ளன. தீவிர மழையில் கவனம் குவிக்க அதுவே முறையான வழி.

அதி கனமழை அரிது என்பதால் எண்ணிக்கை எப்போதுமே குறைவாக இருக்கும். ஒரு பருவத்தில் நான்கு நிகழ்வுகளில் மூன்றைச் சொன்ன மாதிரி, இரண்டைச் சொன்ன மாதிரியைவிடச் சிறந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கரையோரத்தைச் சேர்த்து எடுங்கள்; பழைய பருவங்களுக்கு இன்றைய மாதிரியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்; அடுத்தடுத்த நாள்கள் ஒரே தாழ்வு மண்டலத்தின் விளைவு என்பதால் அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணாதீர்கள். அதன் பிறகும் இரண்டு மாதிரிகளை வேறுபடுத்த முடியவில்லை என்றால், ‘வேறுபடுத்த முடியவில்லை’ என்றே எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்காக உங்களை யாரும் குறைவாக மதிப்பிட மாட்டார்கள்.

விடைத்தாள்களைப் பார்த்த பிறகு மதிப்பெண் திட்டத்தை எழுதும் ஆசிரியரை எந்தப் பள்ளியும் ஏற்காது. ஆகவே அக்டோபர் பிறப்பதற்குள் ஓர் அட்டவணையை வெளியிடக் கேட்கிறேன். நீர்வளத் துறை, மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம், மீன்வளத் துறை ஆகியோரை அழைத்து, ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவு என்ன, அதற்கு எந்த அளவு மழை அல்லது காற்று வரம்பு, எத்தனை மணி நேரம் முன்னால் வேண்டும், எந்தப் பரப்புக்கு வேண்டும், தவறவிட்டால் என்ன இழப்பு, வீணாக எச்சரித்தால் என்ன இழப்பு என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தந்த வரிக்கு எதிரே எந்த அளவீட்டால் மாதிரிகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்று குறியுங்கள். வரிக்கு ஒரு மாதிரி வென்றாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி ஒரே வெற்றியாளரை அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பருவம் முடிந்த பின், ஜனவரியில், ஒவ்வொரு வரம்புக்கும் சரியாகச் சொன்னவை, தவறவிட்டவை, வீணாக எச்சரித்தவை, சரியாக இல்லை என்றவை ஆகிய நான்கு எண்ணிக்கைகளையும், நிகழ்தகவுக் கணிப்புகளின் முழுத் தரவையும் பொதுவில் வையுங்கள். எந்த அளவீடு சரி என்பதில் கருத்து வேறுபடுவோர் அந்த எண்ணிக்கைகளிலிருந்து தமக்கு வேண்டியதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்கள். இந்த நகரத்தின் கல்லூரிகளில் அதைச் செய்யக் காத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பிலும் இருக்கிறார்கள். தரவைத் தரம் பார்ப்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஆள் தேவைப்பட்டால் நாங்கள் ஊதியமின்றி வரத் தயார்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் வசிக்கும் ஒரு புள்ளியியல் ஆசிரியர்,
சென்னை